இருமலைக் கேட்காத ஆராய்ச்சி

மத்தியானம் மூணு மணிக்கு எங்க தெருவுக்கு வந்து பாருங்கள். எல்லா வீட்டு நடையிலும் பொம்பளைங்க மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். சுளகில் பீடி இலை, தூள், நூல். வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினால் நல்ல கைக்காரி. என் அம்மாவும் அப்படிப் பேர் வாங்கியவள்தான். நான் தமிழ் எம்.ஏ. படித்து முடித்தது அந்தச் சுளகின் தயவில்.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு நண்பர் தேடி வந்தார். பீடித் தொழிலாளர் வாழ்வாதாரம் பற்றி ஒரு ஆய்வு நடக்கிறது, கேள்வித்தாளைத் தமிழில் எழுதித் தரணும், வீடு வீடாகப் போய் நிரப்பவும் செய்யணும், நாளுக்கு இவ்வளவு கூலி என்றார். அப்போது எனக்கு வேலை இல்லை. சரி என்றேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது. புகையிலை வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் நடத்துகிற ஒரு அமைப்பு. பெயர் இங்கே முக்கியமில்லை. தெரிந்த பிறகும் நான் வேலையை விடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

மொத்தம் 62 கேள்விகள். வீடு சொந்தமா, கடன் எவ்வளவு, பிள்ளைகள் படிக்கிறார்களா, பீடிக்குக் கட்டுப்பாடு வந்தால் குடும்ப வருமானம் பாதிக்கப்படுமா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றார்கள். அது பொய்யே இல்லை. எங்க வீட்டுக்கும் வந்து அம்மாவிடம் கேட்டு நிரப்பினேன். எல்லாம் முடிந்ததும் அவள் சொன்னாள்:

"ஏலே, வாடகையக் கேட்ட, கடனக் கேட்ட, பீடி நின்னா சோத்துக்கு என்ன செய்வன்னு கேட்ட. ராத்திரி பூரா இருமுதேனே, அத யாரும் கேக்கலியே?"

தாளைப் புரட்டிப் பார்த்தேன். 62-இல் ஒன்றுகூட இருமலைப் பற்றியோ, கண் எரிச்சலைப் பற்றியோ, தூள் பறக்கிற இடத்தில் தூங்குகிற கைக்குழந்தையைப் பற்றியோ இல்லை. மொழிபெயர்த்தவனே நான்தான். எனக்கும் அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் யாரும் பொய் எழுதவில்லை. ஒரு பதிலைக்கூடத் திருத்தவில்லை. பிறகு என்ன தப்பு நடந்தது?

*

தப்பு பழையது. எழுபது வருசத்துக்கு முன்னால் அமெரிக்காவில் தொடங்கியது. 1953 டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் சிகரெட் கம்பெனி முதலாளிகள் கூடினார்கள். சிகரெட் தார் பூசிய எலிகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்று அந்த மாதம் பத்திரிகைகளில் செய்தி வந்திருந்தது. ஹில் அண்ட் நோல்டன் என்கிற விளம்பர ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வந்தது. மக்கள் உடல்நலமே எங்களுக்கு முதல் பொறுப்பு, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றது அறிக்கை. இப்படிப் பிறந்ததுதான் புகையிலைத் தொழில் ஆராய்ச்சிக் குழு. ஆராய்ச்சிக்கு எதிராக நிற்பதைவிட ஆராய்ச்சிக்குப் புரவலராக நிற்பது லாபம் என்று கண்டுகொண்ட நாள் அது.

அந்தக் குழுவின் அறிவியல் தலைவராக யாரைக் கொண்டுவந்தார்கள் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கிளாரன்ஸ் குக் லிட்டில். பெரிய மரபியல் விஞ்ஞானி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். கூடவே அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். யூஜெனிக்ஸ் என்றால் நல்ல வித்து, கெட்ட வித்து என்று மனிதர்களைத் தரம் பிரித்து, கெட்ட வித்து பெருகக்கூடாது என்று சொல்லும் கொள்கை. நமக்கு விளக்கம் தேவையில்லை, நம்ம ஊர் கண்ட சரக்குதான். புற்றுநோய் புகையால் வருவதல்ல, பரம்பரையில் இருக்கிறது என்ற திசையிலேயே லிட்டில் ஆராய்ச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷர். புள்ளியியலின் தந்தைகளில் ஒருவர், அவரும் யூஜெனிக்ஸ்காரர். சிகரெட் தயாரிப்பாளர்களின் குழுவுக்கு ஆலோசகராக இருந்துகொண்டே 1957, 1958-இல் எழுதினார்: புகைக்கத் தூண்டுகிற மரபணுவே புற்றுநோயையும் கொண்டுவரலாம் அல்லவா என்று. அப்புறம் ஹான்ஸ் ஐசென்க். கறுப்பர்களின் அறிவு மரபிலேயே குறைவு என்று 1971-இல் புத்தகம் எழுதிய உளவியலாளர். புகையிலைப் பணம் வாங்கிக்கொண்டு, புற்றுநோய் வருவது சிலருடைய குணத்தால் என்று ஆய்வுகள் எழுதினார். அவர் வேலை பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரியே 2019-இல் விசாரித்து, அவர் பேரில் வந்த 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்றது.

மூன்று பேரும் மூடர்கள் இல்லை. மூன்று பேரும் தாங்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான் சொன்னார்கள். அதனால்தான் கம்பெனிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். கம்பெனி அவர்களுக்குப் பதில் சொல்லித் தரவில்லை. பிறப்பில் குற்றம் தேடுகிற ஆளைப் பார்த்துக் கேள்வியை ஒப்படைத்தது, அவ்வளவுதான். நோய்வாய்ப்பட்டவனின் பிறப்பில் குற்றம் இருந்தால் விற்றவனிடம் குற்றம் இல்லை. நம்முடைய ஏழ்மைக்கு நம்ம பிறப்பே காரணம், நிலம் பறித்தவன் காரணமில்லை என்று சொல்கிற தர்க்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

*

இங்கே ஒரு தோழர் மறிப்பார். மறிக்கவும் வேண்டும்.

"பிறப்பைப் பார்த்து மனுசனை எடை போடாதே என்பதுதானே நம்ம அரசியல்? அப்படியானால் ஒரு ஆராய்ச்சியை மட்டும் அது யார் காசில் பிறந்தது என்று பார்த்துத் தள்ளுவது எப்படி நியாயம்? யார் சொன்னாலும் சொன்னதில் உள்ள மெய்யைப் பார் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே."

லேசில் தள்ளக்கூடிய வாதமில்லை. புகையிலைப் பணத்தைப் பற்றிப் பேசும்போது நம்ம ஆட்களே 'கறை படிந்த காசு', 'தீட்டுக் காசு' என்று பேசுகிறார்கள். நான் அந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பட்டால் போகாது என்பது சாதியின் மொழி. தூய்மையான பணம் மட்டும் தொடுவேன் என்று சொல்ல நாலு தலைமுறைச் சொத்து வேணும். என்னால் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன். பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து வந்த கல்வி உதவித்தொகையில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்தேன். 1976-ஆம் வருசச் சட்டப்படி பீடிக்கு விதித்த தீர்வையிலிருந்து வந்த பணம் அது. அதுவும் புகையிலைக் காசுதான். அதை வாங்கியதில் எனக்கு வெட்கமில்லை. அந்தத் தீர்வையை 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது எடுத்தார்களே, அதில்தான் கோபம்.

அப்போ அந்தக் காசுக்கும் இந்தக் காசுக்கும் என்ன வித்தியாசம்? காசு ஒன்றுதான், அது வந்த வழி வேறு. தீர்வையாகக் கட்டியபோது, பீடி முதலாளிக்கு என்னிடம் ஒன்றும் கேட்கும் உரிமை இல்லாமல் போனது. நான் என்ன படிக்கணும், என்ன எழுதணும் என்று அவர் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் 1988-இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு 25 சென்ட் வரி போட்டார்கள். அதில் ஒரு பங்கு புகையிலை நோய்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கினார்கள். சிகரெட்டில் வந்த பணத்திலேயே சிகரெட் கம்பெனிக்கு எதிரான ஆராய்ச்சி நடந்தது. தீட்டு எங்கே ஒட்டியது? எங்கேயும் ஒட்டவில்லை. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பணம் கட்டியவன் கையிலிருந்து போய்விட்டது. அதுதான் நடந்தது.

ஆகவே தோழருக்கு என் பதில் இது. பிறப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் எந்த ஆராய்ச்சி பிறக்கணும், எது கருவிலேயே நிற்கணும் என்று தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது அந்தத் தேர்வை. அம்பேத்கர் 1948-இல் 'தீண்டப்படாதோர்' நூலின் முன்னுரையில், பார்ப்பனப் புலமை ஏன் ஒரு வால்டேரைத் தரவில்லை என்று கேட்டார். அந்தப் புலவர்களின் ரத்தத்தை அவர் பழிக்கவில்லை. அவர்களுடைய அறிவு எந்த நலனோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று காட்டினார். ஆராய்ச்சியில் நலன் முரண் என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, அதை நமக்கு அவர் அன்றைக்கே சொல்லித் தந்திருக்கிறார்.

இது வெறும் சந்தேகம் இல்லை, எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. பிறர் விடும் புகை கெடுதலா என்று எழுதப்பட்ட 106 தொகுப்பாய்வுகளை டெபோரா பார்ன்ஸ், லிசா பீரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 1998-இல் வெளியிட்டார்கள். கெடுதல் இல்லை என்று முடித்தவை 39. அந்த 39-இல் 29-ஐ எழுதியவர்கள் புகையிலைத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்தால் யோக்கியமான கட்டுரையாகவே தெரியலாம். மொத்தமாக அடுக்கினால்தான் யார் கை என்று தெரியும். ஒற்றை மனிதரைப் பார்த்தால் சாதி தெரியாது, ஊரைப் பார்த்தால் தெரியும், அதுபோலத்தான்.

*

கறுப்பு மக்களின் கதைக்கு வருகிறேன். தலித் இலக்கியம் பேசுகிற நாம் அவர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இதையும் கற்க வேண்டும்.

1950-களில் அமெரிக்காவில் புகைத்த கறுப்பர்களில் பத்தில் ஒருவர்கூட மென்தால் சிகரெட் பிடிக்கவில்லை. இந்த நூற்றாண்டில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 85. குளிர்ச்சி காட்டித் தொண்டை எரிச்சலை மறைக்கும் சிகரெட் அது. பழக எளிது, விடக் கஷ்டம். இது தானாக நடந்ததில்லை. கறுப்பர்களின் பத்திரிகைகளில் விளம்பரம், அவர்களின் இசை விழாக்களுக்குப் பணம், அவர்களின் உரிமைச் சங்கங்களுக்கே நன்கொடை. 1990-இல் ஆர்.ஜே.ரெனால்ட்ஸ் கம்பெனி கறுப்பர்களுக்கென்றே 'அப்டவுன்' என்று ஒரு சிகரெட்டைப் பிலடெல்பியாவில் இறக்கப் பார்த்தது. ஊர்ச் சனங்களும் தேவாலயங்களும் திரண்டு நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சர், கறுப்பரான லூயி சல்லிவன், வெளிப்படையாகக் கண்டித்தார். கம்பெனி பின்வாங்கியது.

2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மென்தாலைத் தடை செய்ய வரைவு கொண்டுவந்தது. அதற்கு எதிராக ஒரு வாதம் கிளம்பியது: தடை வந்தால் போலீஸ் கறுப்பர்களைத்தான் பிடிக்கும், எரிக் கார்னரை மறந்துவிட்டீர்களா என்று. 2014-இல் சில்லறை சிகரெட் விற்றதாகப் பிடித்து, மூச்சு முட்டப் போலீஸ் கொன்ற மனிதர் அவர். அந்த மரணம் உண்மை. போலீஸ் பயமும் உண்மை. ஆனால் அந்த வாதத்தைச் சுமந்த மேடைகள் சிலவற்றுக்குப் பணம் சிகரெட் கம்பெனியிடமிருந்து வந்தது. 2025 ஜனவரியில் வரைவு திரும்பப் பெறப்பட்டது.

எங்க தெருவில் நான் நிரப்பிய தாள் இதேதான். பீடி நின்றால் சோறு போகும் என்பது உண்மையான துயரம். எங்க அம்மாவின் துயரத்தை வாடகைக்கு எடுத்து, முதலாளி தன் லாபத்துக்கு முன்னால் வேலியாக நட்டார். அவளுடைய வயிற்றைக் கேட்டவர்கள் அவளுடைய நெஞ்சைக் கேட்கவில்லை. இந்தியாவில் அரசுக் கணக்குப்படி ஏறத்தாழ 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். சட்டம் வரும்போதெல்லாம் இந்த 50 லட்சத்தைக் காட்டுவார்கள். கூலி உயர்வு கேட்கும்போது அதே 50 லட்சம் யார் கண்ணுக்கும் தெரியாது.

2015-இல் நடந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடணும் என்ற விதியை ஒரு நாடாளுமன்றக் குழு நிறுத்தி வைக்கச் சொன்னது. குழுத் தலைவர் திலீப் காந்தி சொன்ன காரணம், புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, இந்திய ஆய்வு இல்லை என்பது. அந்தக் குழுவில் ஷ்யாமா சரண் குப்தா என்ற உறுப்பினர் இருந்தார், பீடி முதலாளி. இந்திய ஆய்வு இல்லையாம்! பம்பாயில் சங்வி, ராவ், கனோல்கர் மூவரும் புகைப்பதையும் மெல்லுவதையும் புற்றுநோயையும் சேர்த்து ஆராய்ந்து எழுதியது 1955-இல். நம்ம தமிழ்நாட்டிலேயே செத்துப்போன 43,000 ஆண்களின் சாவுக் காரணத்தை வீடு வீடாக விசாரித்து, வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயில் சாவது மற்றவர்களைவிட நாலு மடங்கு என்றது அந்த ஆய்வு. காசநோயில் சாகிறவன் யார், எந்தத் தெருக்காரன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை வீட்டு வாசலில் ஏறி இறங்கி விசாரித்த உண்மையை ஒரு வாக்கியத்தில் இல்லை என்று சொல்லிவிட முடிந்தது. எச்சரிக்கைப் படம் வர 2016 ஏப்ரல் ஆனது.

*

இப்போது மின்சிகரெட். வேப் என்கிறார்கள். இதைப் பற்றிப் பேசும்போது நாம் நேர்மையாக இருக்கணும். சிகரெட்டைவிட இதில் கெடுதல் குறைவு என்று சொல்கிறவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் இல்லை. கம்பெனிப் பணம் வாங்காமல் நடக்கிற காக்ரேன் தொகுப்பாய்வே, நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையைவிட மின்சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்கிறது. மெய் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த மெய்யைக் கம்பெனி என்ன செய்கிறது? 2017-இல் மார்ல்பரோ விற்கிற பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல், புகையில்லா உலகத்துக்கு என்று சொல்லி ஒரு அறக்கட்டளைக்கு 12 வருசத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. மார்ல்பரோ விற்பதை நிறுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் அந்த அறக்கட்டளையோடு சேர மாட்டேன் என்றது. 2018-இல் அமெரிக்கா, கனடாவின் 17 பொதுச் சுகாதாரக் கல்லூரிகள் அந்தப் பணத்தைத் தொட மாட்டோம் என்றன. 2023-இல் கம்பெனியோடு உறவு முடிந்தது, 2024-இல் அறக்கட்டளை பெயரும் மாறியது. 2021-இல் இன்னொன்று நடந்தது. ஜூல் என்ற மின்சிகரெட் கம்பெனி, ஒரு அமெரிக்க ஆய்விதழின் முழு இதழையும் எல்லோரும் இலவசமாக வாசிக்க வைக்க 51,000 டாலர் கட்டியது. அந்த இதழில் இருந்த 11 கட்டுரைகளும் ஜூல் பணத்தில் நடந்த ஆய்வுகள். எல்லாவற்றிலும் யார் பணம் என்று வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

போட்டுவிட்டால் போதுமா? நானும் என் கேள்வித்தாளின் தலைப்பில் யார் பணம் என்று போட்டிருக்கலாம். அம்மாவுக்கு வாசித்தும் காட்டியிருக்கலாம். அப்போதும் இருமலைப் பற்றிய கேள்வி அதில் இருந்திருக்காது. சிகரெட்டை விட நினைக்கிறவனுக்கு இது உதவுமா என்பது கம்பெனி கேட்கிற கேள்வி. ஒருநாளும் புகைக்காத பள்ளிக்கூடப் பிள்ளை இதை ஏன் பிடிக்கிறது, ஏழைக்கு மட்டும் ஏன் இன்னும் பீடியே விற்கப்படுகிறது, விற்றவன் நோயாளிக்கு என்ன தரணும் என்பவை கம்பெனி கேட்காத கேள்விகள். நம்ம அரசும் 2019-இல் மின்சிகரெட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. சிகரெட்டும் பீடியும் கடையில் அப்படியே தொங்குகின்றன. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியில் அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கே பங்கு இருக்கிறது. ஆக, அரசுப் பணம் என்றாலே கேள்வி சரியாக இருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

*

முடிவாக என்ன செய்வது? பணமே தொடாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த வேலையில் வந்த கூலியில் நான் இரண்டு மாத வாடகை கொடுத்தேன். நம்ம பிள்ளைகள் முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஏதாவது ஒரு ஆய்வுத் திட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய்த் தூய்மை பேசுவது மேல்சாதி ஆச்சாரம்.

ஆனால் கூலிக்குப் போகிறவனுக்கும் கேட்கும் உரிமை உண்டு. கேள்வியை எழுதியது யார்? கேள்வி சேர்க்க எனக்கும், பதில் சொல்கிற சனங்களுக்கும் உரிமை உண்டா? கிடைத்த தகவல் யாருக்குச் சொந்தம்? முடிவு பணம் கொடுத்தவனுக்குப் பிடிக்காவிட்டால் வெளியிட முடியுமா? இந்த நாலையும் கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள். பதில் வராத இடத்தில், உங்க சனத்தின் துயரம் வாடகைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறமும் போக வேண்டிய நிலைமை இருந்தால், போய் வந்து, கேட்காமல் விட்டதை வெளியே எழுதுங்கள். நான் தாமதமாகச் செய்வது அதைத்தான்.

அம்மா இப்போதும் சுற்றுகிறாள். முன்னைப்போல ஆயிரம் ஓடுவதில்லை, அறுநூறு எழுநூறோடு நிறுத்திக்கொள்கிறாள். போன மாதம் ஊருக்குப் போனபோது எங்க தெருவில் 40 வீட்டில் ஏறி, ஒரு பள்ளிக்கூட நோட்டில், யாருக்கு எத்தனை வருசமாக இருமல் என்று மட்டும் எழுதி வாங்கினேன். இதை ஆய்வு என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியவர்கள் நிறுத்தவே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். இது போன்ற கணக்கெடுப்புகளில் வேலை பார்த்த தோழர்கள் இதை வாசிக்கக்கூடும். உங்களிடம் அந்தக் கேள்வித்தாள்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எதைக் கேட்கவில்லை என்று எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள்.